தகரம் பேசாத காலை

மாடியில் இருக்கிற அண்ணன் உயிரோடுதான் இருக்கிறான் என்று பதினோரு வருஷமாக அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு தகரம்.

வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கு மேலே வெயிலுக்காகச் சாய்த்துப் போட்ட தகரம் அது. அதற்கு நேர் மேலே, மாடிக் கழிப்பறைச் சுவரிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் அளவு மீறினால் வெளியே வந்து விழுவதற்கான ஓவர்ஃப்ளோ குழாய். டேங்குக்குள் மிதக்கிற பந்து கொஞ்சம் உயரமாக நின்றுவிட்டதில், அண்ணன் ஒவ்வொரு தடவை தண்ணீர் விடும்போதும் டேங்க் மறுபடி நிரம்பி, ஒரு கை அளவு மிஞ்சி, குழாய் வழியே வெளியே வரும். பாதி சுவரோடு வழிந்துவிடும். பாதி தகரத்தில் விழும். டங். டங். டங். ஏழு சொட்டு, இல்லை எட்டு சொட்டு. அப்புறம் ஓய்ந்துவிடும்.

விடிகாலை ஐந்தரைக்கு ஒரு தடவை. எட்டு மணிக்கு ஒரு தடவை. மதியம் தூங்கி எழுந்ததும் ஒரு தடவை. படுக்கப் போகும்போது ஒரு தடவை. அவள் தலை நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. காது மட்டும் எண்ணிக்கொள்ளும். 'ம், எழுந்தாச்சு' என்று மனசு சொல்லும். கை ஊசியை எடுக்கும்.

அவளுக்கு வேலை காஜா எடுப்பது. தையல் கடைகளிலிருந்து சட்டைகள் மூட்டையாக வரும். பொத்தான் நுழைகிற துளையைக் கீறி, அதன் விளிம்பை நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டி, பொத்தானும் தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மெஷின் காஜா வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் நல்ல துணி என்றால் கடைக்காரர்கள் இவள் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். தெருவில் எல்லாருக்கும் அவள் காஜா அக்கா. அவள் அண்ணனுக்கு ரைட்டு என்று பேர். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். சோறு வேண்டுமா என்றாலும் ரைட், வேண்டாம் என்றாலும் ரைட். வீட்டுக்குள் நடக்கும்போதுகூட நெரிசலில் வழி கேட்கிற மாதிரி தோளைச் சாய்த்துத்தான் நடப்பான்.

ஒரே வீடு, ஒரே வாசல். மேலே போக வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு. ஆனால் பேச்சு கிடையாது.

எதனால் என்று கேட்பீர்கள். ஒரு வார்த்தையால்தான். அவள் புருஷன் ஒருநாள் சட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான். அவள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். அழுகை என்றால் மெல்ல அழத் தெரியாது அவளுக்கு. பேச்சும் அப்படி, சிரிப்பும் அப்படி, எட்டு வீடு கேட்கும். மாடியிலிருந்து இறங்கி வந்த அண்ணன், ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன், தெருவே பார்த்துக்கொண்டிருக்கிற வெட்கத்தில் சொல்லிவிட்டான்: "நீ போடுற சத்தத்துக்கு எவன்தான் வீட்ல இருப்பான்?"

அவ்வளவுதான். நெருப்பு சுட்டால் ஆறிவிடும், நாக்கு சுட்டது ஆறுமா? அன்றிலிருந்து அவனிடம் அவள் சத்தமே போடவில்லை. அவனும் கீழே இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு தன்னுடையது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்த தப்பைச் சுமந்துகொண்டு படியிறங்குவதுதான் கஷ்டம்.

ஆனால் கூடப் பிறந்த பிறப்பு விடுமா? சாடைப் பேச்சு என்று ஒன்று இருக்கிறதே. அவள் பின்பக்கம் நின்று வாளியைப் பார்த்துச் சொல்லுவாள்: "வாளி, நாளைக்குத் தண்ணி வராதாம். பிடிச்சு வைக்கிறவங்க வச்சுக்கணும்." மேலே நாற்காலி நகரும். சற்று நேரத்தில் அண்ணன் மாடிச் சுவரில் உட்கார்ந்த காக்காயிடம் சொல்லுவான்: "காக்கா, எல்லாம் பிடிச்சாச்சு. ரைட்." இப்படி ஒரு வாளியும் ஒரு காக்காயும் பதினோரு வருஷம் குடித்தனம் நடத்திக் கொடுத்தன.

அவளுக்கு ஒரு பயம் உண்டு. அதை அவள் வாளியிடம்கூடச் சொன்னதில்லை. அவர்கள் அப்பா போனது குளியலறையில்தான். காலையில் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு உள்ளே விழுந்தவர், சாயங்காலம் வரைக்கும் கிடந்திருக்கிறார். கதவில், தாழ்ப்பாளுக்குச் சற்றுக் கீழே, அவர் விரல் பட்ட தடம் இருந்தது. எட்டிப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். அந்தத் தடத்தை முதலில் பார்த்தவள் இவள். அப்போது இவளுக்குப் பத்தொன்பது வயது. அண்ணனுக்கோ மயக்கம் வருகிற உடம்பு. ஓடுகிற பஸ் படியிலேயே ஒருதரம் சரிந்து, யாரோ சட்டைக் காலரைப் பிடித்துக் காப்பாற்றினார்கள். அதோடுதான் அவனுக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். அதனால்தான் காது எண்ணியது. ஐந்தரைக்கு ஏழு சொட்டு.

இரண்டு தடவை எண்ணிக்கை தப்பியிருக்கிறது. இரண்டு தடவையும் எதிர்வீட்டு நர்ஸை மேலே அனுப்பினாள். முதல் தடவை அண்ணன் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டாம் தடவை கதவைத் திறந்து, நர்ஸ் முகத்தைப் பார்த்து, பிறகு காக்காயைப் பார்த்துச் சொன்னான்: "காக்கா, கீழ போய்ச் சொல்லு. இன்னும் சாகல. செத்தா சொல்லி அனுப்புறேன்." நர்ஸ் சிரித்துவிட்டாள். இவளுக்கு அந்தச் சிரிப்பு முள்ளாகக் குத்தியது.

இப்படியே போயிருக்க வேண்டியது. மழைக்காலம்தான் கெடுத்தது.

சுவரோடு வழிந்த பாதித் தண்ணீர் வருஷக்கணக்கில் செங்கல்லுக்குள் இறங்கி, அவள் துணி மூட்டை வைக்கிற பின்னறைச் சுவரில் பச்சைப் படலமாக ஊறியிருந்தது. ஒருநாள் மூட்டையை அவிழ்த்தால் பன்னிரண்டு வெள்ளைச் சட்டை. அத்தனையிலும் கரும்புள்ளி. பூஞ்சை. நாலு நாள் வேலை. தோய்த்தாள், எலுமிச்சை தேய்த்தாள், வெயிலில் போட்டாள். புள்ளி போகவில்லை. கடைக்காரர் முகத்தில் எப்படி விழிப்பாள்? வந்த கோபத்துக்குப் பின்பக்கம் போய் நின்று, பதினோரு வருஷத்தில் இல்லாத குரலில் கத்தினாள்:

"வாளி! மேல இருக்கிறவங்களுக்குக் கண்ணுதான் இல்ல, மூளையுமா இல்ல? அவங்க வீட்டுக் கக்கூஸ் தண்ணி அடுத்தவ பிழைப்புல வந்து விழுது. அந்தக் குழாய அடைச்சுத் தொலைக்கிறதுக்கு என்ன கேடு? ஒரு சொட்டு, இனி ஒரு சொட்டு என் பக்கம் விழக்கூடாது, ஆமா!"

மேலே நாற்காலி நகரவில்லை. காக்காயும் இல்லை.

நாலாம் நாள் பிளம்பர் வந்தார். ஏணியும் பையுமாக, குட்டையான மனுஷர், காதில் பென்சில். மேலே ஒரு மணி நேரம் தட்டல் சத்தம். பிறகு பின்பக்கம் வந்து ஏணியைச் சுவரில் சாத்தி ஏறி, அந்த விரல் நீளக் குழாயை அறுத்து எடுத்தார். ஓட்டையில் சிமென்ட்டை அப்பினார். இவள் கீழே நின்று பார்த்தாள்.

"முடிஞ்சுதுக்கா. இனி உங்க பக்கம் ஒரு பொட்டுத் தண்ணி வராது."

"அப்போ டேங்க் நிரம்பினா?"

"உள்ளேயே ஓவர்ஃப்ளோ வச்சாச்சு. டேங்க் நடுவுல ஒரு குழாய் நிக்கும். மிஞ்சுற தண்ணி அது வழியா நேரா கக்கூஸ் கோப்பைக்குள்ள போயிடும். வெளியாளுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியவே தெரியாதா?"

"தெரியாதுக்கா. அதுல ஒரு குறையும் உண்டு, சொல்லிடறேன்." அவர் சிமென்ட் கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். "வெளிக் குழாய் சொட்டுதுன்னு எல்லாரும் திட்டுவாங்க. ஆனா அது சொட்டுறது ஒரு தகவல். உள்ள என்னமோ சரியில்ல, வந்து பாருன்னு கூப்பிடும். உள் குழாய் வாயில்லாப் பூச்சி. ராப்பகலா ஓடினாலும் மூச்சு விடாது. அவருகிட்டயும் சொன்னேன். 'கீழ தொந்தரவு இருக்கக்கூடாது, அது ஒண்ணுதான் வேணும்'னாரு."

இவள் தகரத்தைப் பார்த்தாள். ஆனால் வாய், "நல்லது" என்றது.

"சிமென்ட் பச்சையா இருக்கு. ஏணி இங்கேயே கிடக்கட்டும். காலையில ஒன்பது மணிக்கு வந்து இன்னொரு பூச்சு பூசிடறேன்."

அன்றைக்குப் படுக்கிற நேரத்தில் தகரம் பேசவில்லை. பேசாதுதான், தெரியும். ஆனாலும் அவள் பாய்மேல் உட்கார்ந்து காத்திருந்தாள்.

மறுநாள் ஐந்தரைக்கு அவளுக்கு முழிப்பு வந்தது. சத்தம் எழுப்பவில்லை, சத்தம் இல்லாததுதான் எழுப்பியது. 'அடி பைத்தியமே, குழாயே இல்ல, சொட்டு எங்கேயிருந்து வரும்?' என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்து முகம் கழுவினாள். இருந்தால் இருக்கிறான் என்று தகரம் சொல்லும், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லும். இப்போது இரண்டுக்கும் ஒரே பதில். அதுதான் அவளை என்னவோ செய்தது.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் படுக்கும்போது கயிற்றில் இறக்கிவிடுவான். விடிகாலையில் பால்காரர் அதில் ஒரு பாக்கெட் போட்டுவிட்டுப் போவார். ஆறு மணி வாக்கில் பை ஆடி ஆடி மேலே போகும்.

ஆறு ஆனது. அடுப்பில் டீ கொதித்தது. பை போகவில்லை.

ஆறரை. அவள் டீயை டம்ளரில் ஊற்றி, குடிக்காமல் வைத்தாள்.

அவன் சில நாள் எழுந்து போய்வந்து மறுபடி படுத்துவிடுவான். அந்த நாட்களில் பை ஏழரை வரைக்கும் தொங்கியதுண்டு. அப்போதெல்லாம் தகரம் ஐந்தரைக்கே சொல்லியிருக்கும், இவள் கவலைப்பட்டதில்லை. இன்றைக்கு யாரைக் கேட்பது? குளிர்ந்த பால் பாக்கெட் வேர்த்து, பையின் அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. ஜன்னல் கட்டையில் பட்டு, டப் என்றது. அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

ஏழு மணிக்குப் பின்பக்கம் போனாள்.

"வாளி," என்றாள். கனைத்துக்கொண்டு மறுபடி, "வாளி, பால் வெளியில தொங்குது. வெயில் வந்துட்டா திரிஞ்சு போயிடும். கேட்டுக்க."

மேலே எதுவும் நகரவில்லை. சுவரின் உச்சியில் காக்காய் இருந்தது. அதுவும் இவளைப் பார்த்தது.

"கோபமா இருக்கிறவங்க கோபமா இருக்கட்டும். பால் என்ன செஞ்சுச்சு?"

கோபம்தான். அன்று கத்தினதில் கோபம். வேண்டுமென்றே பையைத் தொங்கவிட்டிருக்கிறான். நான் போய்த் தட்டினால், 'இன்னும் சாகல' என்பான். அவள் உள்ளே வந்து மூட்டையை அவிழ்த்து உட்கார்ந்தாள். சட்டையில் குறி வைத்து, கத்தி முனையால் காஜா கீறினாள். கீறல் அரை விரல் நீளத்துக்கு ஓடிவிட்டது. முப்பது வருஷத்தில் அவள் கை இப்படிச் செய்ததில்லை. சட்டை பாழ். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீறின துணி, திறந்த வாய் மாதிரி இருந்தது.

எட்டரைக்கு எதிர்வீட்டு நர்ஸ் இரவு வேலை முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இவள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, உன்கிட்ட அவரு நம்பர் இருக்குல்ல? ஒரு போன் போடேன். நான் கேட்டேன்னு சொல்லாத."

"என்னக்கா, மறுபடியுமா? போன தடவ என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. போடு."

நர்ஸ் போட்டாள். இருவரும் நின்றார்கள். மாடியில் மணி அடித்தது. பழைய போன், பெரிய சத்தம். முன்னறையின் கூரை வழியாக அது இறங்கி வந்தது. அடித்தது, அடித்தது, நின்றது. நர்ஸ் மறுபடி போட்டாள். மறுபடி அடித்து ஓய்ந்தது. நர்ஸ் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"குளிக்கிறாரோ என்னமோ," என்றாள் மெதுவாக.

அந்த நேரத்தில் பிளம்பர் வந்து சேர்ந்தார். சிமென்ட் சட்டியோடு படியேறிப் போனவர் தட்டின சத்தம் கேட்டது. பிறகு பலமாகத் தட்டின சத்தம். பிறகு இறங்கி வந்தார்.

"சார் திறக்கலையே. ஒன்பது மணிக்கு வர்றேன்னு சொல்லித்தான் போனேன். உள் தாழ்ப்பாள் போட்டிருக்கு. ஆள் உள்ளதான் இருக்காரு."

பிளம்பர் பின்பக்கம் நடந்தார். இரண்டு பெண்களும் பின்னால் போனார்கள். மாடியிலிருந்து இறங்குகிற தடிமனான கழிவுக் குழாயில் அவர் காதை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"என்னங்க?"

"தண்ணி ஓடுதுக்கா."

"தண்ணி ஓடினா நல்லதுதானே? ஆள் நடமாடுறார்னுதானே அர்த்தம்?"

"விட்டு விட்டு ஓடினா நல்லது. இது ஒரே சீரா ஓடுது." அவர் நிமிர்ந்தார். காதில் குழாயின் அழுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. "நேத்து நான் பந்தைச் சரியா இறக்கி வச்சேன். தானா இப்படி ஓடாது. பந்து எங்கேயோ மாட்டியிருக்கு, இல்ல யாரோ இடிச்சிருக்காங்க. மிஞ்சுற தண்ணி பூரா உள் வழியா கோப்பைக்குள்ள போயிட்டிருக்கு. எத்தனை நேரமாவோ."

பிறகு அவர் தகரத்தைப் பார்த்தார். அவள் தகரத்தைப் பார்த்தாள். பழைய குழாய் இருந்திருந்தால் இந்நேரம் அந்தத் தகரத்தில் மழை கொட்டுகிற மாதிரி கொட்டியிருக்கும். தெருவே எழுந்து வந்திருக்கும். விடியற்காலையிலேயே வந்திருக்கும். அதை அடைக்கச் சொன்னது யார்? வாளி அங்கேயே இருந்தது, வாயைத் திறந்துகொண்டு.

அவளுக்குக் கால் பூமியில் பாவவில்லை. படியேறி ஓடினாள். கதவில் இரண்டு கையாலும் அடித்தாள். கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிடுவது? பதினோரு வருஷமாக வாயில் வராத சொல், தொண்டையில் துருப்பிடித்துக் கிடந்தது. "ஏ... ஏங்க..." என்றாள் யாரையோ போல. அது அவளுக்கே கேட்கவில்லை. பழைய தேக்குக் கதவு. அப்பா காலத்து இரும்புப் பட்டை. அசையவில்லை.

"அக்கா, இறங்குங்க!" கீழேயிருந்து பிளம்பர். "இந்தக் கதவு உடைக்க நேரமாகும். ஓட்டை இருக்கு, ஓட்டை!"

அவள் இறங்கி வருவதற்குள் அவர் ஏணியைச் சாத்தி ஏறியிருந்தார். நேற்று தான் பூசின சிமென்ட்டில் உளியை வைத்துச் சுத்தியலால் ஓர் அடி. பச்சைச் சிமென்ட் பொலபொலவென்று தகரத்தில் உதிர்ந்தது. இன்னும் நாலு அடியில் செங்கல்லும் பெயர்ந்து, ஒரு கை நுழைகிற அளவுக்குத் திறந்துகொண்டது. உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தார்.

"டேங்க் மறைக்குது. மூடி கீழ விழுந்து உடைஞ்சிருக்கு. ஒரு... ஒரு கால் தெரியுதுக்கா."

அவர் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"அசையுதா?" என்றாள் நர்ஸ்.

"தெரியல."

பிளம்பர் கடப்பாரை எடுக்க ஓடினார். நர்ஸ் ஒரு கையில் ஏணியையும் ஒரு கையில் போனையும் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். காஜா அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஐம்பத்தாறு வயதில், நாற்காலிமேல் ஏறினாலே தலை சுற்றுகிறவள். ஓட்டை அவள் வாய் உயரத்துக்கு வந்தது. உள்ளேயிருந்து ஈரச் சிமென்ட் வாசனையும் பினாயில் வாசனையும் வந்தன. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு விடுகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

அவள் வாயை ஓட்டையில் வைத்தாள்.

"அண்ணா!"

தண்ணீர்.

"அண்ணா! நான்தான். அண்ணா!"

தண்ணீருக்கு அடியில் ஏதோ ஒன்று அசைந்தது. ஒரு முனகல்.

"இருக்காரு! நர்ஸம்மா, இருக்காரு!"

"பேசிட்டே இருங்கக்கா! தூங்க விடாதீங்க. எதையாவது பேசுங்க, பதில் சொல்ல வைங்க!"

"அண்ணா, எங்க அடிபட்டுச்சு? அண்ணா!"

"சத்தம்..." என்றது உள்ளேயிருந்து. கல்லில் உரசின மாதிரி ஒரு குரல்.

அதே சொல். சாகக் கிடக்கிறபோதும் அதே சொல்லா?

"சத்தம் போடலண்ணா. மெதுவாத்தான் பேசறேன். போடல."

"போடு," என்றான் அண்ணன். இழுத்து இழுத்து வந்தது. "சத்தம் போடு. காலையில இருந்து... வாளிகிட்ட பேசினது... கேட்டுச்சு. என் குரல் வெளிய வரல. சத்தம் போடு. நிறுத்தாத."

பிறகு பாருங்கள், அவள் போட்டாளே சத்தம். பதினோரு வருஷத்துச் சத்தம். முதலில் என்ன பேசுவதென்று தெரியாமல் அண்ணா அண்ணா என்றே கத்தினாள். அப்புறம் சொல் வந்துவிட்டது.

"ஏண்டா அண்ணா, மயக்கம் வர்ற உடம்புக்காரனுக்கு உள் தாழ்ப்பாள் எதுக்கு? உன்ன யாரு வந்து தூக்கிட்டுப் போகப் போறாங்க? சொல்லு!"

"...ரைட்."

"என்ன ரைட்டு? எல்லாத்துக்கும் ரைட்டு! அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி என்ன அப்படிச் சொன்னியே, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ இறங்கி வந்து, தப்பா சொல்லிட்டேன்னு சொன்னா உன் கிரீடம் கழண்டு விழுந்திருக்குமா?"

"...ரைட்."

"காக்காகிட்ட பேசின வாய்க்கு என்கிட்ட பேச என்ன வந்துச்சு? நான் என்ன காக்காய விடக் கறுப்பா?"

ஏணி குலுங்கியது. கீழே நர்ஸ் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாடிகளில் தலைகள் முளைத்தன. முன்பக்கம் கடப்பாரை கதவில் விழுகிற சத்தம். தொம். தொம்.

"அம்மா போனதுக்கப்புறம் பெரிய அண்டாவத் தூக்கி மேல வச்சுக்கிட்டியே, ஒத்த ஆளுக்கு எதுக்குடா அண்டா? என்னத்த ஆக்கித் தின்ன அதுல?"

உள்ளே பதில் இல்லை.

"அண்ணா? அண்டா. எதுக்குன்னு கேட்டேன்."

தண்ணீர்.

"அண்ணா, ரைட்டுனாவது சொல்லு."

தண்ணீர் மட்டும் ஓடியது. அவள் ஓட்டைக்குள் கையை விட்டாள். முழங்கை வரைக்கும் போனது. செங்கல் விளிம்பு தோலைச் சீவியது. டேங்கின் குளிர்ந்த பக்கத்தைத் தவிர விரலுக்கு எதுவும் அகப்படவில்லை. அப்பாவின் விரல் தடம் கண்ணுக்குள் வந்து நின்றது. தாழ்ப்பாளுக்கு நாலு விரற்கடை கீழே.

"அண்ணா! டேய்! பேசுடா! இனி வாளிகிட்டப் பேச மாட்டேன், சத்தியமா பேச மாட்டேன், பேசுடா!"

எவ்வளவு நேரம் அப்படிக் கத்தினாள் என்று அவளுக்குத் தெரியாது. மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. ஓடுகிற காலடி. மறுபடி ஒரு கதவு. அப்புறம் ஓட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவள் முகத்துக்கு மிக அருகில், பிளம்பரின் குரல்:

"கத்தாதீங்கக்கா. காது போயிடும் எனக்கு. மூச்சு இருக்கு. நல்லா இருக்கு."

தண்ணீர் நின்றது. பிளம்பர் பந்தைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஐந்தரைக்குப் போனவன், எழுந்திருக்கும்போது தலை சுற்றி, டேங்கைப் பிடித்து, மூடியோடு சரிந்திருக்கிறான். மூடி பந்தின் கம்பியை வளைத்துவிட்டது. ஈரத் தரையில் மூன்றரை மணி நேரம். ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்குப் படுக்கையில் கட்டி, அந்தக் குறுகல் படியில் சாய்த்துச் சாய்த்து இறக்கினார்கள். அவள் கையெல்லாம் சிமென்ட்டும் ரத்தமுமாக வாசலில் நின்றாள். அண்ணனின் உதடு நீலமாக இருந்தது. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, வெட்கப்பட்ட பிள்ளை மாதிரி கண்ணை நகர்த்தினான். யாரோ குடிநீர் கொண்டுவந்து வைத்திருந்த வாளி ஒன்று வாசலில் இருந்தது.

"வாளி," என்றான் மெதுவாக. "பால் கெட்டுப் போயிருக்கும். உள்ள எடுத்து வைக்கச் சொல்லு."

அவள் வாளியைக் காலால் தள்ளினாள். தண்ணீர் தெருவில் கொட்டியது.

"என்கிட்ட சொல்லு," என்றாள்.

தூக்குப் படுக்கை வண்டிக்குள் ஏறுகிற வரைக்கும் அவள் கண்ணெடுக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டே கூட நடந்தாள்.

"பால்... எடுத்து வைம்மா," என்றான்.

அதற்குள் பால் திரிந்துதான் போயிருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து பிளம்பர் வந்தார். அண்ணன் ஆபரேஷன் முடிந்து வெள்ளிக்கிழமை வீடு வருவதாக இருந்தான். ஒன்றரை மாதம் கீழே முன்னறையில், அதன் பிறகு தடியூன்றி மேலே என்று டாக்டர் சொல்லியிருந்தார். கழிப்பறைக் கதவுக்கு உள் தாழ்ப்பாள் வேண்டாம் என்று ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது.

"ஓட்டைய அடைச்சிடட்டுமாக்கா?"

"வேண்டாம். பழையபடி குழாய் போடுங்க. பந்தையும் பழையபடி ஏத்தி வைங்க. ஒவ்வொரு தடவையும் சொட்டணும்."

பிளம்பர் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "சொட்டாம இருக்கத்தான் எல்லாரும் என்னைக் கூப்பிடுவாங்க. சுவரு நனையுமேக்கா. துணி?"

"துணி முன்னறைக்கு வந்தாச்சு. சுவரு நனைஞ்சா நனையட்டும்."

"நனையவே வேண்டாம். ஒரு முழ நீளத்துக்குக் குழாயை வெளிய இழுத்து, முனையில எல்போன்னு ஒரு வளைஞ்ச துண்டு போட்டுக் கீழ்ப்பக்கமாத் திருப்பிவிட்டா, தண்ணி சுவரத் தொடாம நேரா தகரத்துல விழும். அரை மணி நேர வேலை. இத முன்னாடியே சொல்லியிருந்தா அன்னைக்கே செஞ்சிருப்பேனே. பதினோரு வருஷமா ஏன் யாரும் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? வாளிகிட்டயா?" என்றாள்.

அவர் ஏணியில் ஏறிக் குழாயைச் செருகி, ஓட்டையைச் சுற்றிப் பூசினார். பிறகு பரிசோதனைக்காக மாடிக்குப் போனார். அவள் துவைக்கிற கல்லின் பக்கத்தில் போய் நின்றாள். கையில் சீவின இடத்தில் பொருக்குக் கட்டியிருந்தது. மேலே தண்ணீர் விட்ட சத்தம் கேட்டது. டேங்க் நிரம்புகிற நேரம் வரைக்கும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு தகரத்தையே பார்த்தாள்.

டங்.

டங். டங்.

மேலே இருப்பது பிளம்பர்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கண் நிறைந்து வழிந்தது. ஏழு. எட்டு. ஓய்ந்தது.

"கேக்குதாக்கா?" என்று மேலேயிருந்து குரல்.

"கேக்குது," என்றாள். எட்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். "இன்னொரு தடவ விடுங்க!"